அக்கா வேனைத் தவறவிட்ட காலை

பேசவேண்டிய பக்கத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, சீட்டு தேர்ந்தெடுத்தது. நடக்கப்போவதை எல்லாம் முன்பே அறிந்த இறைவனிடம் வேண்டிக்கொள்வதால் பயன் உண்டா, இல்லையா என்பது தலைப்பு. எங்கள் கல்லூரி ஆண்டுதோறும் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தும் சொற்போரில், இறுதிச் சுற்றுக்கு வந்திருந்த இருவரில் நான் ஒருவன். நான் எடுத்த சீட்டில் ‘இல்லை’ என்று இருந்தது. மற்றவன் என் வகுப்புத் தோழன். அவன் எடுத்ததில் ‘உண்டு’ என்று இருந்தது. அவனுடைய அப்பாவுக்கு பஜாரில் வத்தல் மண்டி. ஐந்து வேளைத் தொழுகை தவறாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சீட்டு போனதும் வகுப்பே சிரித்தது.

“மாப்ள, சீட்டெடுக்கும்போதே முடிஞ்சிருச்சு. இனி நீ பேசி என்ன ஆகப்போவுது?” என்றான் அவன்.

“இதைத்தான்டா நானும் பேசப்போறேன். பேசியும் ஒண்ணும் ஆகாதுன்னு” என்றேன் நான்.

எந்தப் பக்கம் வந்திருந்தாலும் வென்றிருப்பேன் என்று நம்பினேன். இதைச் சொல்வதில் இப்போது எனக்குக் கூச்சம் உண்டு; அப்போது இல்லை. மூன்று ஆண்டுகள் மேடையில் நின்று பழகியவன். எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லில் குரலை இறக்குவது, கைதட்டல் எழுந்தால் அது அடங்கும் முன்பே அடுத்த வாக்கியத்தைத் தொடங்கி அதை எப்படி நீட்டிப்பது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் வாதம் எளியது. இறைவன் அறிந்தபடியே எல்லாம் நடக்கும் என்றால், வேண்டுதல் எதையும் மாற்றாது. வேண்டுதல் மாற்றும் என்றால், இறைவன் அறிந்தது பிழையாகிவிடும். இரண்டில் ஒன்றை எதிரணி விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

இந்த வாதத்தை முதலில் கேட்டவள் என் அக்கா.

என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஆமத்தூரைத் தாண்டி, எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள பட்டாசுக் கம்பெனி ஒன்றில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். காலையில் கம்பெனி வேனில் போய்ச் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் திரும்புவாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்களில் அலுமினியத் தூளின் வெள்ளி மினுக்கம் மிச்சம் இருக்கும். அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பாதி மாதம் வெளியூரில் இருப்பார். அம்மாவுக்கு என் பேச்சு நீளம். ஆகவே நான் எழுதும் ஒவ்வொரு உரையையும் வீட்டில் உட்கார்ந்து முழுமையாகக் கேட்பவள் அக்கா ஒருத்திதான். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கத்தி நின்றால் அந்த இடம் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

“ஏலே, கடைசிப் பக்கம் வந்ததும் வேகமாப் போற. மனப்பாடம்னு தெரியுது” என்பாள். அவள் சொன்னது எப்போதும் சரியாக இருந்தது.

இந்த முறை கத்தி நிற்கவில்லை.

“சாமிக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்ங்கிற. அப்படித்தான?” என்றாள்.

“ஆமா.”

“அப்ப, நான் போயி நின்னு கேக்கப் போறேன்ங்கிறதும் தெரியும்ல?”

“தெரியும்.”

“பெறகென்ன? நான் கேப்பேன்னு தெரிஞ்சு, அதுக்கும் சேத்துத்தான் அது எழுதி வச்சிருக்கும். நீ எதுக்குலே நடுவுல?”

“அக்கா, இது எதிரணி வாதம்.”

“எதிரணி யாரு, அந்த மண்டிக்காரத் தம்பியா? அது நல்ல புள்ள. அதுக்கு போன் போட்டுச் சொல்லிருதேன்.”

எனக்கு மேடைக்கு ஏற்ற ஓர் உதாரணம் தேவைப்பட்டது. அதையும் அவளிடமிருந்தே எடுத்துக்கொண்டேன். பட்டாசு அறைகளின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் சேரும் மின்சாரம் ஒரு பொறியாகக் கூட மாறிவிடக் கூடாது என்பதற்காக, அறைக்குள் போகும் ஒவ்வொருவரும் வெறுங்காலோடு நின்று அந்தத் தகட்டில் கையை வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அது கம்பெனியின் விதி. ஆனால் பெண்கள் தொட்ட கையை அப்படியே கண்களில் ஒற்றிக்கொள்வார்கள். கோயில் படியைத் தொட்டால் செய்வதுபோல. அது விதியில் இல்லை. யார் தொடங்கியது என்று அக்காவுக்கும் தெரியாது.

“அந்த ரெண்டாவதுல என்ன பிரயோஜனம்? தொட்டதோட வேலை முடிஞ்சிருச்சுல்ல?” என்று கேட்டேன்.

“உனக்கு முடிஞ்சிரும்லே. உள்ள போயி ஒக்காரப் போறது நானு.”

இந்தப் பதிலை நான் உரையில் சேர்க்கவில்லை. தகட்டையும் கண்ணையும் மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

சொற்போர் நடந்த நாள் காலை. நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படி இறங்கியவள் திரும்பி வந்தாள். வழக்கமாக வேன் நிற்கும் முக்குக்கு நேராகப் போவாள். அன்று மாரியம்மன் கோயில் வழியாகச் சுற்றிப் போவதாகச் சொன்னாள்.

“ஒனக்கு வேண்டிக்கிட்டுத்தான் போகப் போறேன்.”

“என் தலைப்பு என்னன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்குலே. நீ ஜெயிச்சு, ‘வேண்டாதீக’ன்னு ஊருக்குச் சொல்லணும்னு வேண்டிக்கிடுதேன். போதுமா?”

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். நேரம் ஆகிறது, வேன் போய்விடும் என்று நான் சொன்னேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. சட்டைக் கையை மடிப்பதா வேண்டாமா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் முற்பகல் முழுக்க நன்றாகவே போனது. தோழன் முதலில் பேசினான். அவனுக்குக் குரல் என்னைவிடக் கொஞ்சம் சன்னம். ஆனால் அன்று அவன் தன் மனத்தில் இருந்ததைப் பேசினான், அது அவையில் எடுபட்டது. பிறகு நான் எழுந்தேன். இரண்டில் ஒன்றை எதிரணி விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற இடத்தில் முதல் கைதட்டல். செம்புத் தகட்டில் இரண்டாவது. “காப்பது தகடா, கண்ணில் ஒற்றிய விரலா? தகட்டைத் தொடாமல் விரலை மட்டும் ஒற்றிக்கொண்டு எந்தத் தாயாவது, எந்தத் தமக்கையாவது அந்த அறைக்குள் போவாளா?” என்று கேட்டுவிட்டுக் குரலை இறக்கி, “என் தமக்கை போவாளா?” என்றேன். முன்வரிசையில் ஒருவர் எழுந்தே கைதட்டினார்.

அந்தக் கைதட்டலில்தான் வெடிச்சத்தம் அமுங்கிப்போனது என்று நான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு நேரத்தை ஒத்துப் பார்த்தபோது அது சரியாக வரவில்லை. நான் இறங்கி உட்கார்ந்து, நடுவர் மறுப்புரைக்கு முன்பு தேநீருக்காக இடைவேளை விட்டிருந்த நேரம் அது. கைதட்டல் எப்போதோ ஓய்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் என் நினைவில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. பிரித்து வைக்க முடியவில்லை.

சத்தம் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சன்னல் கண்ணாடிகள் ஒருமுறை அதிர்ந்தன. தேநீர்க் குவளையோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அதை இடி என்று நினைப்பதில்லை. ஒருவர் மெதுவாக, “எந்தப் பக்கம்?” என்றார். சில நிமிடங்களில் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கின. “ஆமத்தூர்ப் பக்கமாம்” என்றார் ஒருவர். இன்னொருவர் கம்பெனியின் பெயரைச் சொன்னார்.

நான் அக்காவின் எண்ணை அழைத்தேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

மணி போவதால் எதுவும் தெரிந்துவிடாது. கைப்பேசியை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் உள்ள மரப்பெட்டியில் அவரவர் டோக்கன் எண் எழுதிய கட்டத்தில் வைத்துவிட்டுப் போகவேண்டும். வாசல் ஒரு பக்கம். வெடிமருந்து அறைகள் தள்ளித் தள்ளி, மரங்களுக்கு அப்பால். ஆகவே உள்ளே எது நடந்திருந்தாலும் வாசலில் மணி ஒலிக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தே மறுபடி அழைத்தேன்.

தோழன் வண்டிச் சாவியோடு வந்து என் தோளைப் பிடித்தான். “ஏறு மாப்ள.”

பின்னால் யாரோ மறுப்புரை என்று கூப்பிட்டார்கள். நாங்கள் திரும்பவில்லை.

ரயில்வே கேட் போட்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மினி பஸ். மேற்கே வானத்தில் வெண்மையும் சாம்பலும் கலந்த புகை, மேகம்போலக் கலையாமல் ஒரே தூணாக நின்றது. பஸ்ஸின் சன்னல் வழியே பெண்கள் எட்டிப் பார்த்துத் திசையைக் கணித்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க மதினி கம்பெனி தெக்க இருக்கு. இது அங்கன இல்ல, மேக்க.”

“எங்களதும் இல்லக்கா. நல்ல வேளை.”

நல்ல வேளை. அந்தச் சொல்லை நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். புகை எழும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் முதலில் சொல்லப்படும் சொல் அதுதான். அன்று அந்தச் சொல்லின் மறுபக்கத்தில் நான் நின்றேன். யாருடைய நல்ல வேளையோ எங்கள் பக்கம் புகையாக நின்றது.

கேட் திறக்கும்வரை நான் வேண்டத் தொடங்கியிருந்தேன் என்பதை உணரவில்லை. உதடு அசைவது தெரிந்த பிறகுதான் உணர்ந்தேன். உடனே எனக்குள் இருந்த சொற்போர்க்காரன் எழுந்து நின்றான். எதற்காக வேண்டுகிறாய்? நடக்கப்போவதற்காகவா? இல்லை, அது நடந்து அரைமணி ஆகப்போகிறது. அக்கா இருக்கிறாள், அல்லது இல்லை. அது முடிந்துவிட்டது. முடிந்துவிட்டதை மாற்றச் சொல்லி எந்த மதத்தில் எவன் கேட்டிருக்கிறான்? மேடையில் நான் கேலி செய்தவர்களாவது எதிர்காலத்தைக் கேட்டார்கள். நான் கடந்த காலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குரலை அடக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். ‘அக்காவின் அறையாக இருக்கக் கூடாது.’ இந்த வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியம் தானாக வந்தது: அப்படியானால் வேறு யாருடைய அறை? ஓர் அறையில் நான்கு பேர். எங்கள் ஊரிலிருந்தே அந்தக் கம்பெனிக்கு ஒரு வேன் நிறையப் பேர் போகிறார்கள். யாரையும் தள்ளிவிடாத ஒரு வேண்டுதலை அமைக்கப் பார்த்தேன். முணுமுணுத்தபடியே சொற்களை இடம் மாற்றிப் பார்த்தேன், திருத்திப் பார்த்தேன். சொல்லை அமைப்பதில் எனக்கு இருந்த கர்வம் முழுவதும் அந்த மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் இருந்தது. ஒரு வாக்கியம்கூட அமையவில்லை.

தோழனின் முதுகு அசைந்துகொண்டிருந்தது. தலைக்கவசத்துக்குள் அவன் எதையோ ஓதிக்கொண்டிருந்தான்.

“என்னடா கேக்குற?” என்று அவன் காதருகே கத்தினேன்.

“பேசாம வா மாப்ள. நீ நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கிட்டு இருக்க. அதான் உனக்கும் சேத்து நான் கேக்கேன்.”

கம்பெனி வாசலில் காவலர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் உள்ளே போயிருந்தன. காற்றில் கந்தகம் தொண்டையைப் பிடித்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம். அதன் நடுவே ஒரு மேசைமேல் அந்த மரப்பெட்டி. வாட்ச்மேன் அதைத் தன் அறையிலிருந்து தூக்கி வெளியே வைத்திருந்தார். உள்ளிருந்து தப்பி வருகிறவர்கள் தங்கள் கைப்பேசியை எடுத்து வீட்டுக்குச் சொல்லட்டும் என்று.

பெட்டி முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்தது. சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, குழந்தை சிரிப்பது, வெறும் அதிர்வு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. உள்ளேயிருந்து ஒரு பெண் வெறுங்காலோடு ஓடி வருவாள்; கூட்டத்தில் ஒருவர் அலறிக் கட்டிக்கொள்வார்; பெட்டியில் ஓர் ஒலி குறையும். இப்படித்தான் உயிர்கள் அங்கே கணக்காயின. நான் பெட்டியருகே போனேன். அக்காவின் கைப்பேசி இருந்தது. ஊதா உறை. நான் அழைத்தபோது அதன் திரை ஒளிர்ந்தது. ‘பேச்சாளர்’ என்று இருந்தது. என் எண்ணை அந்தப் பெயரில் வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஓர் இளைஞன் வெளியே வந்து தன்னுடையதை எடுத்தான். பிறகு இரண்டு பெண்கள். பிறகு நீண்ட நேரம் யாரும் வரவில்லை.

என் கைப்பேசி ஒலித்தது. மண்டபத்திலிருந்து அமைப்பாளர். “தம்பி, நடுவர் காத்திருக்காரு, எங்க இருக்கீங்க?” என்றார். ‘வர முடியாது’ என்று வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் தெரியாத எண் ஒன்று. அதுவும் அவர்கள்தான் என்று எண்ணித் துண்டித்தேன். மறுபடி அதே எண். துண்டித்தேன். அக்காவின் எண்ணுக்கு மறுபடி அழைத்தேன். என் கண்ணெதிரே அது ஒலித்தது. எதற்கு அழைக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அது யாரும் இல்லாத இடத்தில் ஒலிப்பது எனக்குத் தெரியும். நிறுத்தினால்தான் ஏதோ முடிந்துவிடும் என்று தோன்றியது. மூன்றாவது முறை அதே தெரியாத எண். இந்த முறை திட்டிவிட்டுத் துண்டித்தேன்.

எனக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார். எங்கள் ஊரின் மறு கோடியில் எப்போதோ பார்த்த முகம், முப்பத்தைந்து வயது இருக்கும். லோடு தூக்கும் தோள்துண்டு. அவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே அழைத்துக்கொண்டிருந்தார். அக்காவுடைய கைப்பேசிக்கு அடுத்த கட்டத்தில் இருந்தது ஒளிர்ந்தது. திரையில் ‘வீட்டுக்காரர்’.

“எந்த ரூம், தம்பி, உங்க ஆளு?” என்றார்.

“எட்டு. அக்கா.”

“எங்க வீட்டுல மூணு. தெனமும் மூணுலதான் இருக்கா.” பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், “வெடிச்சது எட்டுன்னு சொல்லுதாக” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தவர்போலத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

எட்டு. அதற்குப் பிறகு என்னிடம் வேண்டுதலும் இல்லை, மறுப்பும் இல்லை. கைப்பேசி நான்காவது முறை ஒலித்தது. அதே எண். என் விரல் துண்டிக்கப் போனது. தோழன் அதைப் பிடுங்கிக் காதில் வைத்தான். அவன் முகம் மாறியது. அதை என் காதில் வைத்தான்.

“ஏலே, எத்தன தடவலே கட் பண்ணுவ? மேடையில ஏறிட்டா தெரியாத நம்பர எடுக்க மாட்டீகளோ?”

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். தரையில் நிறையச் சரளைக்கல். வெள்ளைச் சட்டை.

“அக்கா.”

“பின்பக்க வேலியத் தாண்டி ஓடியாந்துட்டேம்லே. ஒரு தோட்டத்துல இருக்கேன். இது தோட்டக்கார அண்ணன் போனு. உன் நம்பர் ஒண்ணுதான் எனக்கு மனப்பாடம், எத்தன போட்டிக்கு உனக்கு ஃபாரம் பூர்த்தி பண்ணிருக்கேன். அம்மாக்கிட்டச் சொல்லிரு. கால்ல முள்ளு, வேற ஒண்ணுமில்ல.” மூச்சு வாங்கினாள். பிறகு குரல் வேறாக இருந்தது. “எட்டாம் ரூமாலே?”

பக்கத்தில் நின்றவர் நான் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டாம் ரூமான்னு கேக்கேன்.”

“தெரியலக்கா” என்றேன்.

பேச்சு முடிந்ததும் அவர் கேட்டார். “அக்கா பேசிட்டாகளா, தம்பி?”

“பேசிட்டாக.”

“நல்லது, நல்லது” என்றார். மறுபடி அழைத்தார். பெட்டியில் அது மறுபடி ஒலித்தது.

அவருடைய மனைவி அன்று மூன்றாம் அறையில் இல்லை. அதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோயிலில் நின்றதில் அக்காவுக்கு வேன் போய்விட்டது. மினி பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போனபோது பத்து நிமிடம் தாமதம். எட்டாம் அறையில் வாசலோரத்து இடம் அவளுடையது. அதை நிரப்ப போர்மேன் மூன்றாம் அறையிலிருந்து அந்தப் பெண்ணை அனுப்பியிருந்தார். அக்காவைப் பின்னால் இருந்த பேக்கிங் ஷெட்டுக்குப் போகச் சொன்னார். அந்தப் பெண் எட்டாம் அறைக்குள் போகும்போது அக்கா அந்த வழியாகத்தான் நடந்தாள். அவள் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறாள். “என்னக்கா, சாமியப் பாத்துட்டு வாறீகளா?” என்று அக்காவின் நெற்றித் திருநீற்றைக் காட்டி அந்தப் பெண் கேலி செய்தாளாம். எட்டாம் அறையிலிருந்து யாரும் உயிரோடு வரவில்லை.

கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அக்கா நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். வருவோரெல்லாம் “ஆத்தா காப்பாத்திட்டா, அன்னிக்குப் பாத்து கோயிலுக்குப் போக வச்சிருக்கா பாரு” என்றார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள். அம்மா கோயிலுக்குப் பொங்கல் வைக்க அரிசி எடுத்தபோது, “வேண்டாம்மா” என்று மட்டும் சொன்னாள். அம்மா அரிசியைத் திரும்பக் கொட்டினாள்.

நான்காம் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். நகத்திலிருந்து அலுமினியத் தூள் முழுவதும் போயிருந்தது.

“ஏலே. நான் அன்னிக்கு உனக்காக நின்னேன். பத்து நிமிசம். நிக்காம இருந்தா, அவ மூணுலதான இருந்திருப்பா?”

நகத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

“எல்லாரும் சொல்லுதாக, நான் கும்பிட்டதாலதான் பிழைச்சேன்னு. அப்ப அவ போனதும் நான் கும்பிட்டதாலதானலே? ஒண்ணு மட்டும் எப்படிக் கும்பிட்டதால நடக்கும்?”

அவள் கேட்டதில் ஓட்டை இல்லை. எதிரணி வாதத்தை நான் ஒருபோதும் இவ்வளவு தூரம் கொண்டுபோனதில்லை. வேண்டுதலுக்குப் பயன் உண்டு என்றால், அந்தப் பயனின் மறுமுனையில் தோள்துண்டோடு ஒருவர் பெட்டியைப் பார்த்து நிற்கிறார். அக்காவைக் காக்க என்னிடம் இருந்தது என் பக்கம் மட்டும்தான்.

பேசினேன். அதே வாதம். “வேண்டுறதால எதுவும் நடக்காதுக்கா. எது நடக்கணுமோ அது முன்னாடியே முடிவானது. நீ கோயில்ல நின்னாலும் நிக்காட்டியும் அது மாறியிருக்காது. நீ யாரையும் அந்த இடத்துக்குத் தள்ளல. உன் கும்பிடுக்கு அம்புட்டு சக்தி இல்லக்கா.” மேடையில் அந்த வரிகளை நான் எவ்வளவு சரளமாகச் சொல்வேன் என்பது அவளுக்குத் தெரியும். இப்போது ஒவ்வொன்றையும் தேடி எடுத்துச் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், “அப்ப நீ வண்டியில வரும்போது வேண்டலையா?” என்றாள்.

“இல்ல” என்றேன்.

எத்தனையோ மேடைகளில் நம்பாத பக்கத்தைப் பேசியிருக்கிறேன். அதெல்லாம் பொய் ஆகாது, அது போட்டி. இது பொய்.

அந்த நேரம் தோழன் வந்தான். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். அக்கா அவன் பக்கம் திரும்பினாள். “தம்பி, நீங்கதான எதிரணி. நீங்க சொல்லுங்க. கும்புடுறதால பலன் உண்டா?”

அவன் என்னைப் பார்த்தான். அவன் என்ன நம்புகிறான் என்பது எனக்குத் தெரியும். என் வாழ்நாளில் பார்த்ததிலேயே கள்ளமில்லாத நம்பிக்கை அவனுடையது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அன்னிக்கு நான் தோத்துட்டேன்க்கா” என்றான்.

அன்று தீர்ப்பே சொல்லப்படவில்லை. மறுப்புரையே நடக்கவில்லை. அது அக்காவுக்கும் தெரியும். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு அணியும் சேந்துக்கிட்டீகளாக்கும்” என்றாள். நான்கு நாளில் அவள் முகத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று நெகிழ்ந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். “நீ இன்னிக்கி வேகமாப் போகலலே. நின்னு நின்னுதான் பேசுன.”

பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்தாள். “அவ வீட்டுக்குப் போகணும். கூட வாங்கலே ரெண்டு பேரும்.”

அந்த வீடு ஊரின் மறு கோடியில். போகிற வழியில்தான் மாரியம்மன் கோயில். கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்தது. கடந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள். வழக்கமாக நிற்கும் அதே இடத்தில். கைகள் கூப்பவில்லை, இருபுறமும் தொங்கின. நாங்கள் இரண்டடி பின்னால் நின்றோம். தோழன் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தான்.

திரும்பாமலே சொன்னாள்.

“என்ன கேக்கன்னு தெரியலலே.”

வேண்டுவதா வேண்டாமா என்பதற்கு என்னிடம் இருபது நிமிட உரை இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. மேடை, பக்கம், அவளைக் காப்பது எல்லாம் மறந்துபோய், யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது:

“எனக்கும் அன்னிக்கு வண்டியில தெரியலக்கா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கை என் தோளைப் பிடித்தது. பிடித்துக்கொண்டே, முள் குத்திய காலைக் கொஞ்சம் ஊன்றி ஊன்றி, அந்த வீட்டை நோக்கி நடந்தாள்.